தம்பியின் பங்கு

லீமா,
14 அக்டோபர் 2001

அன்புள்ள நிக்காசியா அக்காவுக்கு,

நீயும் சாந்தோஸ் அத்தானும் உங்கள் மகள் தெல்ஃபினாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நானும் ரொசேந்தாவும் நன்றாக இருக்கிறோம். குழந்தை அபெலுக்கு முதல் பல் முளைக்கிறது. அவன் தூங்குவதில்லை, அதனால் நாங்களும் தூங்குவதில்லை. மற்றபடி குறையில்லை.

லாரிக்கார பௌலினோ கொண்டுவந்து போட்ட மூட்டை கிடைத்தது. போன முறை உனக்கு ஒரு ஸ்வெட்டரும், தெல்ஃபினாவுக்கு ஒரு சிவப்பு நூல்கண்டும் அனுப்பினேன். அதற்குப் பதிலாக ஒரு மூட்டை காய்ந்த கிழங்கா? அதற்கு முந்தி ஒரு ஜோடி செருப்புக்கு, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாலாடைக்கட்டி வந்தது. உனக்கு எதையாவது கொடுத்துவிட்டு ஒரு மனுஷன் நிம்மதியாக இருக்க முடியாதா? ரொசேந்தா சிரிக்கிறாள். "உங்க அக்காவுக்கு ஒரு குண்டூசி அனுப்பிப் பாருங்க, ஒரு ஆடு திரும்பி வரும்" என்கிறாள்.

பேக்கரியில் பண்டிகை வேலை ஆரம்பித்துவிட்டது. திராட்சை போட்ட பெரிய கிறிஸ்துமஸ் ரொட்டியை இப்போதே சுட்டு அட்டைப்பெட்டியில் அடுக்குகிறோம். தலைமுடியில்கூட வெண்ணெய் வாசனை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாதா கோயிலில் ஒரு குழு இருக்கிறது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஏதாவது ஓர் ஏழை ஊருக்குப் போய், பெரிய அண்டாவில் சாக்லேட் பால் காய்ச்சி, ரொட்டி, பொம்மை, துணிமணி எல்லாம் கொடுத்துவிட்டு வருவார்கள். துணிக்கடை வைத்திருக்கும் கிராசியேலா அம்மாதான் தலைவி. இந்த வருஷம் எந்த ஊர் என்று கேட்டபோது நான் எழுந்து நின்று பம்பகாஞ்சா என்று சொன்னேன். வாயைத் திறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் அக்கா. துப்பாக்கிக்காரர்கள் ஊர் ஊராகத் திரிந்த கெட்ட காலத்தில் சின்னப் பையனான என்னை நீ லாரியில் ஏற்றி அனுப்பினாயே, அதற்கப்புறம் இப்போதுதான் ஊருக்கு வரப்போகிறேன்.

தெல்ஃபினா வளர்க்கும் வெள்ளை அல்பாக்காக்கள், அந்தக் கம்பளி மூட்டைகள், எப்படி இருக்கின்றன?

அத்தானுக்கு என் வணக்கம். உன் கையைப் பிடித்துக்கொண்டு முடிக்கிறேன்.

உன் தம்பி,
லியாந்த்ரோ


பம்பகாஞ்சா,
4 நவம்பர் 2001

ஊரை மறக்காத தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு எழுதுகிறேன். அப்பா, அம்மா கல்லறையில் உன் பெயரைச் சொல்லியும் ரொட்டி வைத்தேன். நாங்கள் மூன்று பேரும் நடமாடுகிறோம். உன் அத்தானுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. உன் பிள்ளைக்குப் பல் வலித்தால் ஈறில் உப்புத் தண்ணீர் தொட்டுத் தடவு. டாக்டரிடம் ஓடாதே.

உன் பெண்டாட்டியிடம் சொல், குண்டூசியும் வேண்டியிருக்கிறது, அனுப்பச் சொல்.

வெள்ளைகள் இரண்டும் கொழுத்து நிற்கின்றன. ஜூலைக் குளிர்காலப் பனியில் இந்த வருஷம் குட்டிகள் எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருப்பது சினையாக நிற்கும் நாலு பெட்டையும் இந்த இரண்டு கிடாயும்தான். தாய் செத்துப்போன இரண்டையும் தெல்ஃபினா அடுப்படியில் படுக்கவைத்து, துணியில் பால் நனைத்துக் கொடுத்து ஆளாக்கினாள். நீ அனுப்பிய சிவப்பு நூலைக் குஞ்சம் கட்டி அதுகள் காதில் மாட்டிவிட்டிருக்கிறாள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருவிழாச் சந்தையில் இரண்டையும் விற்று, மார்ச்சில் அவளை லிர்க்காய் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம். இங்கே ஆறாவதோடு சரி, உனக்குத் தெரியும். தங்குவதற்கு ஒரு விதவை வீட்டில் அறை பேசியாகிவிட்டது. கால்நடை வைத்தியம் படிக்கப் போகிறாளாம். உன் அத்தான் இடுப்பைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வருவதை ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். கடைசியில் ஊர்த்தலைவர் என்னைப் பார்த்து, "வர்றது உன் தம்பி கூட்டியாற ஆளுங்க நிக்காசியா. அடுப்பு உன் வீட்டுலதான் எரியணும்" என்றார். பின்னே யார் வீட்டில் எரியும் என்றேன். எத்தனை பேர் வருகிறீர்கள், அதை மட்டும் எழுது.

கோயில்காரர்களுக்கு எங்கள் வணக்கம். உன் தலையில் கை வைத்து முடிக்கிறேன்.

அக்கா,
நிக்காசியா


லீமா,
25 நவம்பர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மனசு நிறைந்தது. உப்புத் தண்ணீர் வைத்தியம் பலித்தது. பையன் இப்போது எல்லாவற்றையும் கடிக்கிறான். அத்தான் இடுப்புக்குத் தைலம் ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதற்குப் பதிலாக மூட்டை எதுவும் வரக்கூடாது.

ஏறக்குறைய இருபது பேர் வருகிறோம். ஆனால் அக்கா, நீ ஒன்றும் சமைக்காதே. கிராசியேலா அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் கொடுக்கத்தான் வருகிறார்கள், வாங்க வரவில்லை. பால், சாக்லேட், சர்க்கரை எல்லாம் நாங்களே கொண்டுவருகிறோம். ரொட்டி நான் என் கையால் சுட்டது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் கையில் ஒரு குவளையோடு வரிசையில் வந்து நின்றால் போதும். அவ்வளவு உயரத்துக்குப் போனால் தலை சுற்றும், மூச்சு வாங்கும் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். கொக்கா இலை போட்டுக் கொஞ்சம் வெந்நீர் வை. அது போதும்.

எனக்கு மட்டும் வேறு கணக்கு. எல்லாம் முடிந்த பிறகு உன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையால் இரண்டு சுட்ட கிழங்கு சாப்பிட வேண்டும். அம்மாவின் நீலப்பூத் தட்டு இன்னும் இருக்கிறதா? அதற்காக நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா?

மருமகளுக்கு என் முத்தம். நேரில் பார்ப்போம்.

லியாந்த்ரோ


பம்பகாஞ்சா,
9 டிசம்பர் 2001

தம்பி லியாந்த்ரோவுக்கு,

எல்லோரும் சுகம். தைலம் வந்தது. உன் அத்தான் இடுப்பில் தடவிக்கொண்டு வீடு முழுக்க நாற்றமடிக்கிறார், ஆனால் குனிகிறார்.

குவளை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. வரிசையிலும் நிற்கிறோம். மற்றது உன் வேலையில்லை. நாள் முழுக்க மலையேறி வருகிறவர்களை வெந்நீர் கொடுத்து அனுப்பவா? "எங்க அக்கா வீட்டுல தண்ணி நல்லா இருக்கும்"னு போய்ச் சொல்லப் போகிறாயா? லீமா கடல் காற்றில் உன் மூளை கொஞ்சம் உப்புப் பிடித்துவிட்டது.

உன் அத்தான் மண்ணுக்குள் சமைக்கக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார். சூடேற்றி அதில் போட ஆற்றிலிருந்து கல் சுமந்து வந்தாகிவிட்டது.

தட்டு இருக்கிறது. விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கிறது. அதற்குக் காரணம் நீ.

பத்திரமாக வந்து சேர்.

அக்கா


லீமா,
3 ஜனவரி 2002

என் அன்பு அக்காவுக்கு,

புது வருஷம் உனக்கும் அத்தானுக்கும் தெல்ஃபினாவுக்கும் நல்லதையே கொண்டுவரட்டும். நாங்கள் நல்லபடியாக லீமா வந்து சேர்ந்தோம். இரண்டு பேருக்கு மட்டும் வழியெல்லாம் வாந்தி.

அந்த நாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பிள்ளைகள் சாக்லேட் பாலைக் குடித்துவிட்டுக் குவளையை நக்கியதும், காலி ரொட்டிப் பெட்டிக்காகச் சண்டை போட்டதும்! உள்ளே இருந்த ரொட்டியைவிட அட்டைப்பெட்டிக்குத்தான் கிராக்கி. நீ வரிசையில் வந்து என் முன்னால் குவளையை நீட்டினாயே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் உன் கையில் பரிசுப் பையைக் கொடுத்ததைக் கிராசியேலா அம்மா போட்டோ எடுத்திருக்கிறார். கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

உன் வீட்டுக்குள் வந்து உட்கார முடியவில்லை. கோபமில்லையே? ரொட்டி வெட்டுவது, பை எடுத்துக் கொடுப்பது, மயங்கி விழுந்தவர்களைத் தூக்குவது என்று எல்லாம் என் தலையில். அப்புறம் கணவாயில் மழை இறங்குகிறது என்று டிரைவர் அவசரப்படுத்தினார். கறியைப் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றபடியே இரண்டு வாய் தின்றுவிட்டு ஏறிவிட்டேன்.

ஆனால் அக்கா, அந்தக் கறி! மண்ணுக்குள் வெந்து, தழை மணத்தோடு, எலும்பிலிருந்து தானாக நழுவியது. எங்கள் ஆட்கள் பஸ்ஸில் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். இருபது பேரும் தின்று மிச்சம் கட்டிக்கொண்டும் வந்தோம். எங்கிருந்து அவ்வளவு கறி? ஊரே சேர்ந்து போட்டதா? ஓர் ஆள் சொன்னதைக் கேட்டால் நீ சிரிப்பாய். "இவங்களா ஏழை? நாம சாக்லேட் பால் குடுத்தோம், அவங்க கறி விருந்தே போட்டாங்க. அடுத்த வருஷம் நெஜமாவே இல்லாத ஊராப் பார்த்துப் போகலாம்" என்றார். அப்படித்தான் முடிவாகும்போலத் தெரிகிறது. நம் ஊரைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு பக்கம் பெருமை.

இன்னொன்று. கிராசியேலா அம்மாவுக்குத் தெல்ஃபினாவை ரொம்பப் பிடித்துவிட்டது. "அந்தப் பொண்ண எங்கிட்ட அனுப்பச் சொல்லு, வீட்டு வேலைக்கு ஒத்தாசையா இருக்கட்டும், ராத்திரிப் பள்ளிக்கூடத்துல நான் படிக்கவைக்கிறேன்" என்றார். அவள்தான் லிர்க்காய் போகிறாளே என்று சொன்னேன். இருந்தாலும் சொல்லிவை என்றார், சொல்லிவிட்டேன்.

சந்தையில் நல்ல விலை கிடைக்கட்டும்.

லியாந்த்ரோ


பம்பகாஞ்சா,
17 பிப்ரவரி 2002

தம்பிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பதில் எழுத நாளாகிவிட்டது. மழை. பாதை சரிந்து பௌலினோ வரவில்லை. சந்தைக்கு நாங்கள் போகவில்லை.

நீ கொடுத்த பைக்குப் பதிலாக ஒரு தோல் அனுப்புகிறேன். தெல்ஃபினாதான் உப்புப் போட்டுக் காயவைத்துத் தேய்த்து மிருதுவாக்கினாள். பிள்ளைக்குக் கீழே விரித்துப் போடு. சிமெண்டுத் தரையில் படுக்கவைக்காதே, நெஞ்சில் சளி கட்டும்.

போட்டோ வேண்டாம்.

அந்த அம்மாவின் வீடு எப்படிப்பட்டது என்று எழுது. எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆண் பிள்ளைகள் உண்டா? வேலைக்கு வரும் பெண் எங்கே படுப்பாள்? உள்ளே தாழ்ப்பாள் உண்டா? ராத்திரிப் பள்ளிக்கூடம் என்றாரே, அதற்கு யார் கூட்டிப்போவார்கள்?

சும்மா கேட்கிறேன்.

அக்கா


லீமா,
10 மார்ச் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் நாலு வரிதான். உனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? அத்தானுக்கா? மறைக்காமல் எழுது.

தோல் இன்னும் வரவில்லை. பௌலினோ லாரி பாதி வழியில் நிற்கிறதாம். கடிதத்தை மட்டும் வேறொரு ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. இந்த மாதம் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. தெல்ஃபினா இந்நேரம் லிர்க்காயில் இருப்பாள் என்று நினைத்தேன். ஏன் கிராசியேலா அம்மா வீட்டைப் பற்றிக் கேட்கிறாய்? சந்தைக்குப் போகாவிட்டால் வெள்ளைகளை வியாபாரியிடம் கொடுத்திருக்கலாமே. இல்லை, அவளுக்கே லீமா ஆசை வந்துவிட்டதா? அப்படியானால் எனக்குச் சந்தோஷம்தான், பக்கத்திலேயே இருப்பாள்.

நீ கேட்டதற்குப் பதில். வீடு பெரியது. மூன்று மகன்கள், இரண்டு பேருக்குக் கல்யாணமாகவில்லை. படுக்க மொட்டைமாடியில் ஓர் அறை. தாழ்ப்பாளைப் பற்றி எனக்குத் தெரியாது. சமையலறை வேலை முடிந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்றார். ஈஸ்டர் முடிந்து அனுப்பினால் போதுமாம்.

ரொசேந்தாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவுமில்லை, திரும்பவுமில்லை. "வேண்டாம்னு எழுதுங்க" என்றாள். அவளும் அந்த வயசில்தான் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தவள், உனக்குத் தெரியுமே. அந்த வீட்டைப் பற்றி அவள் என்னிடம் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், முடிவு உன்னுடையது.

சீக்கிரம் பதில் போடு. கவலையாக இருக்கிறது.

லியாந்த்ரோ


பம்பகாஞ்சா,
2 ஏப்ரல் 2002

தம்பிக்கு,

எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நோய் எதுவுமில்லை.

இந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை பௌலினோ வண்டியில் தெல்ஃபினா வருகிறாள். வழிச்செலவுக்குப் பதிலாகக் கிழங்கு கொடுத்திருக்கிறேன். நீ வந்து இறக்கிக்கொள். அந்த வீட்டுக்கு நீயே கூட்டிப்போ. தாழ்ப்பாள் இல்லையென்றால் நீ ஒன்று வாங்கி மாட்டிவிடு.

இங்கே இருந்தால் ஆடு மேய்த்தே கிடப்பாள். அது அவளுக்கும் தெரியும், அவள்தான் போகிறேன் என்றாள்.

லிர்க்காய் பற்றிக் கேட்காதே. ரொசேந்தாவிடம் அவளை வாரம் ஒரு முறை பார்க்கச் சொல். உன்னிடம் அல்ல, அவளிடம் சொல்கிறேன்.

அக்கா


லீமா,
20 ஏப்ரல் 2002

அக்கா,

அனுப்பாதே. தெல்ஃபினாவை லாரியில் ஏற்றாதே. மீதியைப் பிறகு படி, முதலில் இதை அவளிடம் சொல்லிவிடு.

தோல் நேற்றுச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. உன் ஏப்ரல் கடிதமும் அதே வண்டியில்தான் வந்தது. தோலைத் தரையில் விரித்தோம். வெள்ளை வெளேரென்று, கை வைத்தால் புதைந்தது. பையன் ஒரே தாவாகத் தாவி அதில் புரண்டான். ஓரத்தில் எதையோ பிடித்து வாயில் வைத்துக் கடித்தான். ரொசேந்தா பிடுங்கிப் பார்த்தாள். காதோடு சேர்த்து உரித்திருக்கிறீர்கள். காதில் சிவப்புக் குஞ்சம். "இது நீங்க வாங்கின நூல்தானே? நான்தான் கடையில நெறம் பார்த்துச் சொன்னேன்" என்றாள்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன் அக்கா. எங்கிருந்து அவ்வளவு கறி என்று உன்னையே கேட்டு எழுதினேனே. சினைப் பெட்டை நாலும் வெள்ளைக் கிடாய் இரண்டும்தான் மிச்சம் என்று நீ நவம்பரிலேயே எழுதியிருந்தாய். அதைப் படித்தவன்தான் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று தின்றேன், தெல்ஃபினாவின் பள்ளிக்கூடத்தை. அதற்கு மேல் பெருமை வேறு பட்டேன். வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அடுப்பு உன் வீட்டில் எரியணும் என்று தலைவர் சொன்னதையும் எழுதியிருந்தாய். அதையும் படித்துவிட்டு, சமைக்காதே என்று பதில் போட்டேன். விருந்தாளியைக் கூட்டிவருகிறவன் வீட்டில்தான் அடுப்பு எரியும், வந்தவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பினால் அந்த வீட்டுக்கு ஊரில் முகமில்லை. எனக்குத் தெரியாத வழக்கமா இது? எப்படி மறந்தேன் என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை கிராசியேலா அம்மாவைப் பார்த்து, பெண் வரமாட்டாள் என்று சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். கெட்டவர் இல்லை அவர். "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க சாப்பிட்டிருக்க மாட்டோமே" என்றார். சாப்பிடாமல் வந்திருந்தால் அதைவிட மோசம், உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் ஏதாவது அனுப்பினால் நீ மூட்டை கட்டித் திருப்பி அனுப்புவாய். அதனால் இது தானமில்லை, பரிசுமில்லை. அவர்கள் என் விருந்தாளிகள். அடுப்பு என்னுடையது. என் இடத்தில் நின்று நீ மூட்டினாய். நம் ஊர் வழக்கப்படி, ஒருவர் நமக்காக எதைக் கொடுத்தாரோ அதையே திருப்பிக் கொடுக்க வேண்டும், வாங்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கும் உரிமையில்லை. ஜூனில் அருளப்பர் திருநாளுக்கு வருகிறேன். பேக்கரியில் அப்போது வேலை குறைவு. அந்தத் திருநாள் சந்தையிலேயே இரண்டு நல்ல கிடாய் வாங்கி, நானே ஓட்டிக்கொண்டு வந்து உன் பட்டியில் விடுகிறேன். இந்த வருஷப் படிப்பு போனது போனதுதான். அடுத்த மார்ச்சில் அவள் லிர்க்காயில் இருக்க வேண்டும்.

பௌலினோவைக் கையெடுத்துக் கும்பிட்டு இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி


பம்பகாஞ்சா,
5 மே 2002

என் தம்பி லியாந்த்ரோவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். மூன்று பேரும் வீட்டில்தான் இருக்கிறோம்.

பௌலினோ ஒரு மடையன். உன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, முதலில் எல்லோருக்கும் மண்ணெண்ணெய் இறக்கினான், அப்புறம் டீ குடித்தான், அப்புறம் தெல்ஃபினாவின் மூட்டையைத் தூக்கி வண்டிமேல் போட்டான். அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உன்னை ஏற்றிவிட்ட அதே இடம். அன்றைக்கு நான் அழவில்லை, இன்றைக்கும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. "அக்கா, உங்க தம்பி ஏதோ அவசரம்னு கொடுத்தாரு" என்று நீட்டினான்.

தெல்ஃபினாவையே வண்டிமேலிருந்து படிக்கச் சொன்னேன். முதல் வரியைப் படித்துவிட்டு நிறுத்தினாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் மூட்டையைத் தூக்கி என் காலடியில் எறிந்துவிட்டுக் குதித்தாள். இன்னொரு வெள்ளையின் தோல் அந்த மூட்டைக்குள்தான் இருந்தது, அங்கே விரித்துப் படுக்கக் கொண்டுபோனாள். அறுக்கும்போது இரண்டின் கழுத்தையும் அவள்தான் பிடித்துக்கொண்டாள். வேறு யார் பிடித்தாலும் பயப்படும் என்றாள். இதை உனக்குச் சொல்லக்கூடாது என்றிருந்தேன். பரவாயில்லை, தெரிந்துகொள்.

ரொசேந்தாவுக்கு என் பெயரால் ஒரு முத்தம் கொடு. உனக்கு இரண்டு வார்த்தை எழுதினால் புரியாதது அவளுக்கு ஒரு குஞ்சத்தில் புரிந்துவிட்டது.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். வழக்கம் தெரிந்தவன்போலப் பெரிய நியாயம் பேசியிருக்கிறாய். நீ சொன்னது சரிதான். அதனால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கிடாய்தான். வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை, பல் நன்றாக இருந்தால் போதும். அதையும், நான் நெய்துவைத்திருக்கும் கம்பளிகளையும் விற்றால் தெல்ஃபினாவை மார்ச்சில் சேர்த்துவிடலாம். விதவையிடம் சொல்லி அனுப்பியாகிவிட்டது, அறை இருக்கிறதாம்.

ஏன் ஒன்று என்று கேட்பாய். பெரிய வெள்ளை உன் விருந்தாளிகளுக்கு அறுத்தது. இருபது பேருக்கு அது தாராளமாகப் போதும், மிச்சமும் கட்டிக்கொண்டு போனார்கள், நீயே எழுதினாய். சின்னது அவர்களுக்கில்லை. "ஒண்ணு போதாதா?" என்று உன் அத்தான் கேட்டார். வருவது லியாந்த்ரோ என்றேன். சின்னப் பையனாக லாரியில் ஏறிப்போன என் தம்பி இத்தனை வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறான், வந்தவர்கள் தின்ற மிச்சத்தையா அவனுக்கு வைப்பேன்? உனக்கு அறுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

நீதான் உள்ளே வரவில்லை. வரிசையில் நிற்கவைத்து என் கையில் பையைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாய். பஸ் கண்ணுக்கு மறையும் வரை உன் கறியை நீலப்பூத் தட்டில் போட்டு மூடிவைத்திருந்தேன். கோபமில்லையே என்று ஜனவரியில் கேட்டாய். இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை.

அந்தச் சின்னதின் கறியை நாங்கள் யாரும் தொடவில்லை. கீறி, உப்புத் தடவி, மழை விட்ட நேரத்து வெயிலிலும் அடுப்புப் புகையிலும் காட்டி உப்புக்கண்டமாக்கி, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அது கெடாது. ஜூனில் வா. ரொசேந்தாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வேறு யாரையும் கூட்டிவராதே. ஒரு ரொட்டி வேண்டுமானால் கொண்டுவா, அட்டைப்பெட்டியோடு. வந்து உட்கார்ந்து உன் பங்கைத் தின்றுவிட்டுப் போ.

அக்கா,
நிக்காசியா